சதுரகிரிக்கு ஒரு நாள் பயணம் – பழைய வரைபடமும் காய்ந்த ஓடையும்

தமிழ் மாதக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் காலம். பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சித்திரை மாதம் மதியம் ஒரு மணிக்குப் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் நிற்பவரிடம் போய் "இப்போது இளவேனில் நடக்கிறது" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று எழுதத் தேவையில்லை! ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெள்ளைப் புழுதி. இன்னொரு பக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல். நடுவில் அனலாய்க் கொதிக்கும் நாலுவழிச்சாலை.

ஆனால் மலைக்குப் போகலாம் என்ற பேச்சு கிளம்புவதும் இந்த மாதங்களில்தான். காரணம் இருக்கிறது. மானாவாரிக் காட்டில் வெள்ளாமை எல்லாம் மாசியோடு முடிந்துவிடும். அடுத்த உழவுக்கு மழை வர வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு. வெளியூரில் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் ஊரில் இருப்பார்கள். ஒரு வேன் பிடித்தால் விடியலில் மலையடிவாரம், இருட்டுவதற்குள் வீடு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக்காரர்களுக்கு "மலை" என்றால் பெரும்பாலும் ஒரே மலைதான். சதுரகிரி.

சதுரகிரிக்கு ஒரு நாள் பயணம் போவது எளிதாகத் தெரியும். தெரிந்தவர் ஒருவர் இருப்பார். "நான் பத்து தடவை போயிருக்கேன், எல்லாம் எனக்குத் தெரியும், சும்மா வாங்க" என்பார். பிரச்சினை தொடங்குவது இந்த "எல்லாம் தெரியும்" என்ற இடத்தில்தான். மலையைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் போன தடவை பார்த்தது. மலை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன் என்ற பையனை உலகம் பின்னால் ரமண மகரிஷி என்று அறிந்தது. அவருடைய ஆன்மிகம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே அவருடைய பயணத் திட்டம் மட்டும் போதும். அப்பா சுந்தரம் ஐயர் 1892இல் இறந்த பிறகு பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தான். 1895இல் ஓர் உறவினர் வாயிலாக அருணாசலம் என்பது திருவண்ணாமலைதான், போய்ச் சேரக்கூடிய ஊர்தான் என்று தெரிந்துகொண்டான். அடுத்த வருடம் ஆகஸ்ட் 29 அன்று கிளம்பிவிட்டான்.

திட்டம் என்ன? வீட்டில் கிடந்த ஒரு பழைய வரைபடப் புத்தகம். அதைப் பார்த்தால் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம். அண்ணன் தன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லி 5 ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பையன் 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் 3 அணா மிச்சம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வரைபடம்தான் பழசு. விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டாகிவிட்டது, அந்தப் புத்தகத்தில் அது இல்லை. ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கினான். வழியில் அரை அணாவுக்குப் பழம் வாங்கியது போக இரண்டரை அணா இருந்தது. அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட். அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர் கோயில், பிறகு கீழூர். பசி. காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் கடைசி ரயிலைப் பிடிக்க முடிந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை.

போய்ச் சேர்ந்த பிறகு 1950 வரை அந்த மலையை விட்டு அவர் வரவே இல்லை. அதனால் திரும்பி வரும் செலவுக்குத் திட்டம் போடாதது அவர் விஷயத்தில் தவறே இல்லை. (மற்றவர்களுக்குத் திரும்பி வர வேண்டும்.) பழைய தகவலை நம்பிப் போனதற்கு விலை சில மைல் நடையும் ஒரு ஜோடி கடுக்கனும். சமவெளியில் அவ்வளவோடு போயிற்று. மலையில் விலை கூடுதல்.

அவர் படித்த பள்ளியை நடத்திய அதே அமெரிக்க மதுரை மிஷனுக்கும் மலைப் பயணத்துக்கும் ஒரு கதை உண்டு. 1834இல் மதுரையில் தொடங்கிய இந்த மிஷனுக்கு நம் வறண்ட பக்கத்திலும் நிலையங்கள் இருந்தன. அருப்புக்கோட்டை ஒன்று, கமுதி ரோட்டுப் பக்கம் மண்டபசாலை ஒன்று. வெள்ளைக்காரக் குடும்பங்கள் காலராவிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்தன. கோடைக்கு ஒதுங்க மலை தேடினார்கள். முதலில் சிறுமலை. அங்கே மலேரியா. பிறகு பழனி மலையில் கட்டிய இரண்டு பங்களாக்களில் 1845 ஜூனில் குடியேறினார்கள். இன்றைய கோடைக்கானல் அப்படித் தொடங்கியதுதான்.

அந்தக் காலத்தில் மேலே போவது எப்படி? 1875இல் அம்மையநாயக்கனூரில் ரயில் நிலையம் வந்தது. (இப்போதைய கொடை ரோடு.) அங்கே இறங்கி இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை போவார்கள். வெயில் ஏறுவதற்குள் மலைப் பாதையில் இருக்க வேண்டும் என்பதுதான் இரவுப் பயணத்தின் நோக்கம். விடியலில் ஏறத் தொடங்கினால் ஏறக்குறைய 12 மைல், 7,000 அடி உயரத்துக்கு. ஆண்கள் குதிரையிலோ நடந்தோ போவார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தோளில் தூக்கிப் போவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வருடம் தவறாமல் நடந்த ஒரு நாள் மலையேற்றம் இது. 1910களின் நடுவில் மோட்டார் ரோடு வந்த பிறகுதான் குறைந்தது.

பங்களாக்களின் பெயர்கள் சன்னி சைட், ஷெல்டன் என்று இன்றும் புத்தகங்களில் இருக்கின்றன. தூக்கிப்போன ஆட்கள் "கூலி" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள். பாதைக்கே "கூலி காட்" என்று பெயர் வைத்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த மரியாதை. எந்த ஓடையில் தண்ணீர் கூடியிருக்கிறது, எந்த மேகத்துக்கு மழை வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். திட்டம் போட்டவர்கள் மிஷன்காரர்கள், திட்டத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். மலைப் பயணங்களில் இது எப்போதும் நடப்பது. சதுரகிரியிலும் நடந்தது, ஆனால் வேறு விதமாக.

சதுரகிரி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. கோயில் இருக்கும் இடம் மதுரை மாவட்ட எல்லைக்குள் வந்தாலும், பெரும்பாலோர் ஏறுவது விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே உள்ள தாணிப்பாறையில் இருந்து. சாப்டூர் பக்கமிருந்தும் தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கமிருந்தும் பாதைகள் உண்டு. மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் சன்னதிகள். சுந்தர மகாலிங்கம் சற்றே சாய்ந்திருக்கும். பச்சைமால் என்ற மாடு மேய்ப்பவனின் பிரம்படி பட்ட தழும்பு என்று கதை சொல்வார்கள். சித்தர்கள் வாழும் மலை என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்.

தாணிப்பாறையில் இருந்து கோயில் வரை சுமார் 10 கிலோமீட்டர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். வழியில் வரும் பெயர்களைக் கேட்டாலே பாதை எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். மாங்கனி ஓடை. வழுக்குப்பாறை. சங்கிலிப்பாறை. கோரக்கர் குகை. இரட்டை லிங்கம். நாவல் ஊற்று. பிலாவடி கருப்பசாமி கோயில் ஓடை. சிலவற்றில் வழுக்கும் என்று பெயரே சொல்கிறது. சிலவற்றில் தண்ணீர் என்று பெயரே சொல்கிறது. ஆனால் சித்திரை வைகாசியில் போகிறவர் பார்ப்பது வெறும் உருண்டைக் கற்களைத்தான். ஓடை என்பதே ஏதோ அலங்காரப் பெயர் போலத் தோன்றும்.

ஒரு காலத்தில் இந்தப் பயணத்துக்குப் பெரிய திட்டம் தேவைப்படவில்லை. மலை மேல் மடங்கள் இருந்தன. கஞ்சி மடம் என்றே ஒன்று பிரபலம். வந்தவருக்கெல்லாம் சோறு, கஞ்சி, படுக்க இடம். மாலையில் ஏறினாலும் கவலை இல்லை, நிலா வெளிச்சத்தில் ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்கலாம். கையில் ஒரு பையும் ஒரு டார்ச் லைட்டும் போதும். நேரம் தவறினால் தாங்கிக்கொள்ள மேலே ஆள் இருந்தது. வணிகவியல் மொழியில் சொன்னால், ஒவ்வொரு பயணிக்கும் அந்த மடங்கள் பிரீமியம் வாங்காத இன்ஷூரன்ஸ். அந்தக் காலத்தில் எழுதிய பயணக் கட்டுரைகளையும், அந்தக் காலத்தில் போய்வந்த பெரியவர்களின் பேச்சையும் நம்பித்தான் இன்றும் பலர் கிளம்புகிறார்கள். திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன் என்று சொன்ன வரைபடம் மாதிரி.

அந்த நிலைமை மாறிய வருடம் 2015.

அந்த வருடம் வைகாசி அமாவாசை மே 17, 18 தேதிகளில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டதால் நல்ல கூட்டம். கீழே வழக்கமான கோடை. மலையில் பலத்த மழை கொட்டியது. காய்ந்து கிடந்த ஓடைகளில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. இறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மலையில் மாட்டிக்கொண்டு, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்க வேண்டி வந்தது.

சாமி கும்பிடப் போனவர்கள். பெரும்பாலோர் சுற்றுவட்டார மாவட்டங்களின் கரிசல், செம்மண் ஊர்களில் இருந்து வந்தவர்கள். மழையைக் கண்டால் ஓடி ஒளியாமல் வாசலில் வந்து நின்று பார்க்கிற ஊர்க்காரர்கள். தண்ணீர் இல்லாமல் சாவது அந்த ஊர்களுக்குப் பழகிய பயம். தண்ணீர் வந்து சாவது என்பது கணக்கிலேயே இல்லாத பயம்.

இந்த வெள்ளம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கோடையில் காலை முழுக்கப் பாறையும் மண்ணும் சூடாகும். சூடான காற்று மேலே கிளம்பும். மதியத்துக்கு மேல் கிழக்கே இருந்து கடல் காற்றின் ஈரம் உள்ளே வந்து சேரும். மலை குறுக்கே நிற்பதால் அந்த ஈரக்காற்று மேலே ஏறியே தீர வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மேகம், பிறகு இடி மழை. அதனால்தான் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் பெய்கிறது. காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், அதை நம்ப முடியாது.

ஒரு கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர கிலோமீட்டரில் பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஓர் ஓடைக்குத் தண்ணீர் தரும் மலைச்சரிவு 5 சதுர கிலோமீட்டர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 15 கோடி லிட்டர். ஊருக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 12,500 லாரி! சமவெளி என்றால் இது கண்மாயில் தேங்கும், கரிசல் குடிக்கும். செங்குத்தான பாறையில் குடிக்க யாரும் இல்லை. பாதிக்கு மேல் ஒரே குறுகிய பள்ளத்தில் ஓடி வந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் முழங்கால் அளவுத் தண்ணீரில் வளர்ந்த ஆள் நிற்க முடியாமல் போகிறது. கொடுமை என்னவென்றால், ஓடையைக் கடக்கிறவர் தலைக்கு மேல் மழையே பெய்ய வேண்டியதில்லை. மழை மேலே எங்கோ பெய்கிறது, தண்ணீர்தான் இங்கே வருகிறது.

2015க்குப் பிறகு விதிகள் இறுகின. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஏற்கெனவே 1988 முதல் இந்தக் காடு சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். தினமும் எந்த நேரமும் ஏறலாம் என்பது போய், அமாவாசையை ஒட்டி 4 நாள், பௌர்ணமியை ஒட்டி 4 நாள், மாதத்துக்கு 8 நாள் மட்டும் என்று ஆனது. இரவு தங்கக் கூடாது. மழை பெய்தால் அந்த நாட்களிலும் தடை. தனியார் மடங்களின் அன்னதானமும் நின்றது. 2025இல் நாள்தோறும் போகலாம் என்று தளர்வு வந்தது. ஆனாலும் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் கேட்டில் விடுவார்கள், மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், மழையோ காட்டுத்தீயோ என்றால் அன்றைக்கு அனுமதி இல்லை.

இந்த விதிகளைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் நிறைய. நியாயமான குறைகளும் உண்டு. மடத்தை மூடினால் பட்டினியாக ஏறி வரும் கிழவிக்குக் கஞ்சி யார் தருவது? கோயில் நிர்வாகம் தரும் சாப்பாடு கூட்டத்துக்குப் போதுமா? குப்பை போட்டவர்கள் பயணிகள், தண்டனை மட்டும் மடத்துக்கா? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் "காலையில் ஏறு, மாலைக்குள் இறங்கு" என்ற ஒரு விதியை மட்டும் குறை சொல்ல இடமே இல்லை. மேலே சொன்ன மேகக் கணக்கைப் பார்த்தாலே காரணம் புரியும்.

இந்த விதி சதுரகிரிக்கு மட்டும் உரியதும் இல்லை. எவரெஸ்டில் கடைசி நாள் ஏற்றமும் ஒரு வகையில் ஒரு நாள் பயணம்தான். கடைசி முகாமில் இருந்து நள்ளிரவில் கிளம்பி, உச்சி தொட்டு, அன்றே முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதுவும் பெரும்பாலும் மே மாதம். பிற்பகல் இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று ஏறுபவர்கள் முன்பே நேரம் குறித்துக்கொள்வார்கள். 1996 மே 10 அன்று பலர் பிற்பகல் 2 மணிக்குப் பிறகும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே, இவ்வளவு செலவு செய்தோமே என்ற எண்ணம். மாலையில் புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். உலகின் திறமையான மலையேறிகளில் சிலரும் அதில் உண்டு. செய்த செலவைத் திரும்பப் பெற முடியாது, அதற்காக மேலும் இழக்கக் கூடாது என்று வணிகவியல் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். பரீட்சை ஹாலில் எழுதுவது சுலபம்.

மலையில் ஆபத்து தண்ணீரால் மட்டும் வருவதும் இல்லை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். சென்னையில் இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். பல பேருக்கு நம் வயதுதான் இருக்கும். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. அரசு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது, அதே வருடம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளில் வழிகாட்டியோடு "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம் என்று அதையும் நிறுத்தி வைத்தார்கள். பணம் வரும் திட்டத்தையும் சீசனுக்காக மூடுகிறார்கள் என்றால் பாடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, பந்தல்குடியில் இருந்து ஒரு குழு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரக் கணக்கு எப்படி வரும்? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய சூத்திரம் சொன்னார். 3 மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். 10 கிலோமீட்டர் என்பது 6 மைலுக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு மணி நேரம். ஏற்றத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆக மூன்று, மூன்றரை மணி நேரம். ஆனால் நெய்ஸ்மித் கணக்குப் போட்டது குளிர் நாட்டில், நல்ல உடல் வாகு உள்ள ஆளுக்கு. சித்திரை வெயிலில், அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏறுகிற வேன் கூட்டத்துக்கு நாலரை, ஐந்து மணி நேரம் வைப்பதுதான் நேர்மை. குழுவின் வேகம் என்பது குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்.

ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் பத்தரை, பதினொன்று மணிக்குக் கோயில். தரிசனம், சாப்பாடு, கொஞ்சம் கால் நீட்டல், பன்னிரண்டு. இறங்க மூன்று மணி நேரம். மூன்று மணிக்குத் தாணிப்பாறை. மேகம் கூடும் நேரத்துக்கு ஏறக்குறைய வாசலில் வந்து முட்டுகிறது, கவனிக்க வேண்டும்! எல்லாம் சரியாக நடந்தாலே இப்படி. ஊரில் இரண்டு பேர் தூங்கி எழ அரை மணி நேரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் டீயும் பால்கோவாவும் முக்கால் மணி நேரம், கிருஷ்ணன்கோவிலில் பூ வாங்க ஒரு நிறுத்தம், வத்திராயிருப்பில் செருப்பு அறுந்ததற்கு ஒரு நிறுத்தம். எட்டு மணிக்கு ஏறினால் ஐந்து மணிக்கு மாங்கனி ஓடையில் நிற்க வேண்டி வரும். யாரும் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. பால்கோவா தின்றார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஊரில் இருந்து கிளம்புவது மூன்று மணிக்கு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் இல்லை. பால்கோவா திரும்பி வரும்போது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ, சிறுவர்களுக்குச் சேர்த்துப் பெரியவர்கள்தான் சுமக்க வேண்டும். தோளில் தூக்கிப் போக "கூலி காட்" ஆட்கள் இப்போது இல்லை. மேலே போய்க் கஞ்சி குடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம், புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் கேட்டில் பிடுங்கிவிடுவார்கள். அன்றைக்கு அனுமதி உண்டா என்பதை அன்றைய செய்தியில் பார்க்க வேண்டும், போன மாதம் போனவரிடம் கேட்டுப் பயனில்லை. நாள்பட்ட தகவலுக்கும் மெஷினுக்குப் போடுகிற மாதிரி தேய்மானம் போட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கேட்டில் நிற்கும் வனக்காவலர் "மேல மழ, இன்னிக்கு விட மாட்டோம்" என்று சொன்னால்? தாணிப்பாறையில் வெயில் கொளுத்தும். ஓடையில் ஒரு சொட்டு இருக்காது. வேனுக்குக் கொடுத்த வாடகை போச்சே என்று வயிறு எரியும். கேட்டில் சண்டை போடும் கூட்டத்தை எந்த அமாவாசைக்கும் பார்க்கலாம். அந்தக் காவலர் பார்ப்பது மேலே இருக்கும் மேகத்தை. சண்டை போடுகிறவர் பார்ப்பது காலடியில் இருக்கும் காய்ந்த கல்லை. 2015 மே மாதத்தில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காலையில் பார்த்ததும் அந்தக் காய்ந்த கல்லைத்தான்.

அந்த மலைத்தொடரின் தண்ணீர் நமக்கு முழு அந்நியமும் இல்லை. வருசநாட்டு மலையின் கிழக்குச் சரிவில் விழுகிற மழைதான் குண்டாறாகத் திரண்டு திருமங்கலம் வழியாகத் திருச்சுழிக்கு வருகிறது, பிறகு கமுதி தாண்டிக் கடலுக்குப் போகிறது. திருச்சுழிக் கோயில்காரர்கள் அதைக் கௌண்டின்ய நதி என்பார்கள். வேங்கடராமன் சின்ன வயதில் விளையாடிய மணல் அதுதான். வருடத்தில் முக்கால்வாசி நாள் கருவேல முள்ளும் ஆட்டுத் தடமும்தான் அந்த ஆறு. எப்போதாவது ஒரு நாள், ஊரில் தூறல்கூட இல்லாதபோது, மேற்கே இருந்து செந்தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வரும். அப்போது கரையில் நிற்கும் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. மேற்குப் பக்கம் கையைக் காட்டி, "மலைல நல்ல மழை" என்பார்கள்.